பந்தக்கால் குழி

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கறீங்க?" என்று கேட்டார் டாக்டர் அபிதகுஜாம்பாள்.

அஞ்சம்மாள் தரையைப் பார்த்தாள். பம்மல் மெயின் ரோட்டில் மாவு மில்லின் மாடியில் இருந்தது கிளினிக். கீழே மில் ஓடினால் மேலே பெஞ்சு நடுங்கும், ஊசி போட வந்தவர்களும் கூடவே நடுங்குவார்கள். சித்திரை வெயிலில் ஃபேன் சுடுகாற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது.

"குடிக்கிறதுதாம்மா."

"எவ்வளவு?"

"காலீல ஒரு டீத்தண்ணி. அப்பால ராத்திரி சோறு துன்னா ஒரு வாய்."

"அவ அப்டித்தாங்க டாக்டரம்மா, ஒட்டகம் மாதிரி" என்றான் ஜெயவேலு. அவள் புருஷன், பிளாட் புரோக்கர். மௌனமாக இருக்கும் இடமெல்லாம் காலி மனையாகத் தெரியும், உடனே எதையாவது கட்டிவிடுவான்.

"நான் அவங்களைக் கேட்டேன்" என்றார் டாக்டர். "இந்த வருஷத்துல மறுபடி மறுபடி நீர்க்கடுப்பு, மறுபடி மறுபடி ஜுரம். அடக்கி அடக்கி வெச்சா கிட்னியில போய் உக்காரும்மா. மாத்திரை எழுதறேன். ஆனா தண்ணி இல்லாம மாத்திரை மட்டும் ஒண்ணும் கிழிக்காது. வெயில்ல வீடு வீடா பால் ஊத்தறவங்க நீங்க. சொம்பு சொம்பா குடிக்கணும். வந்தா உடனே போயிடணும்."

அஞ்சம்மாள் இப்போதுதான் தலையைத் தூக்கினாள். "எங்கம்மா போறது?"

"வீட்ல டாய்லெட் இல்லையா?"

"வூடு கவர்மெண்டு எடத்துல கீதுங்க" என்றான் ஜெயவேலு.

"புறம்போக்கா?"

"அய்ய, இல்லீங்க. எங்க பாட்டன் சொத்து. பட்டா கீது, கிஸ்தி கட்னதும் கீது. ஆனா கவர்மெண்டு."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவனைப் பார்த்தார். இதைப் புரியவைக்க ஜெயவேலுவுக்கு வாய் போதும், முகம்தான் போதாது. ஏனென்றால் அந்த வீட்டை கவர்மெண்டு கையில் கொண்டுபோய்க் கொடுத்தவனே அவன்தான்.

பொழிச்சலூருக்கும் அனகாபுத்தூருக்கும் நடுவே, அடையாற்றுக்கு இந்தப் பக்கம், ஒரு மேடு. மேட்டைச் சுற்றி நாலு பக்கமும் சதுரமாக வெட்டிய பள்ளம். பள்ளத்தின் உள்சுவரில் இன்றைய செங்கல்லைவிட இரண்டு மடங்கு அகலமான பழைய செங்கல் வரிசை. உள்ளே போக மேற்கில் ஒரே ஒரு மண்பாதை. வெட்டியது யார் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. ஜெயவேலுவின் பாட்டன் மேட்டில் கிடந்த செங்கல்லைப் பொறுக்கி ஒரு ஓட்டு வீடு கட்டிக்கொண்டார். சுற்றிலும் நெல்லும் கத்தரியும் போட்டார்கள். பள்ளத்தில் எருமை ஊறியது. ஊரில் அதற்கு மேட்டு வூடு என்று பெயர்.

மீனம்பாக்கத்து விமானங்கள் தலைக்கு மேலே தாழ்ந்து இறங்க இறங்க, நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. ஜெயவேலு முதலில் தன் கழனியை விற்றான். அதில் தொழில் பழகி, பிறகு மற்றவர்கள் கழனியை விற்றான். அவனுடைய சித்தப்பா மகன் சிட்டிபாபு இன்னும் சுறுசுறுப்பு. எண்பத்தாறில், பள்ளத்தின் கிழக்குப் பக்கம் தன் பங்கு என்று சொல்லி, லாரி லாரியாகக் கட்டட இடிபாடு கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தான். பள்ளம் நிரம்பினால் மனை. மழைக்காலத்தில் அங்கே நிற்கிற தண்ணீர் ஜெயவேலு வீட்டுக்குள் வந்தால் அது ஜெயவேலுவின் பாடு.

முதல் லாரி வந்த அன்றைக்கே ஜெயவேலு பொன்னியம்மன் கோயிலில் கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தான். "இனிமே என் குடும்பத்துல ஒர்த்தரும் அவன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டோம். ஒரு வாய்த் தண்ணி வாங்க மாட்டோம்." அந்தக் குடும்பத்தில் அப்போது மிச்சம் இருந்தது அவனும் அஞ்சம்மாளும்தான். ஒரே பையன் வேலை கிடைத்து ஓசூரில் இருந்தான். அஞ்சம்மாளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் எருமைக்குப் பிண்ணாக்கு ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தாம்பரம் கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிறவரைப் பிடித்து ஒரு மனு அடித்தான். ராஜா காலத்துக் கோட்டை, அகழி, சுரங்கம், சிலை என்று கற்பனைக்கு எட்டியதெல்லாம் போட்டான். "தாசில்தாராண்ட போனா சிட்டிபாபு அவரக் கவனிச்சுடுவான். அதாங்காட்டி அவனுக்குப் பேரே தெரியாத ஆபீசாப் பாத்துப் போட்டேன்" என்று டீக்கடையில் பெருமை அடித்துக்கொண்டான்.

அதில் ஒரே ஒரு பிசகு. அவன் அள்ளிவிட்டதில் பாதி உண்மையாகப் போய்விட்டது. ஜீப்பில் வந்து இறங்கினார் தொல்லியல் துறை அதிகாரி தோத்தாத்ரி. ஆறடி உயரம், நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கையில் டேப். பள்ளத்தின் செங்கல்லைப் பார்த்ததும் வெயிலென்றும் பாராமல் மண்டி போட்டார். சோழர்களுக்குப் பிற்பாடு ஏதோ ஒரு நாட்டுத் தலைவன் குடும்பம் குடியிருந்த அரண்வீடு, இந்த வட்டாரத்தில் இப்படி அகழியோடு மிஞ்சியது வேறு கிடையாது என்றார். இரண்டு வருஷத்தில் நீல போர்டு வந்தது, கம்பிவேலி வந்தது. பாதுகாப்பு எல்லைக் கோடு பள்ளத்தின் வெளிக்கரையைச் சுற்றிப் போனது. மேடு, வீடு, மாட்டுக் கொட்டகை எல்லாம் கோட்டுக்கு உள்ளே. தோண்டவோ, கட்டவோ, இடிக்கவோ கூடாது. குடியிருந்துகொள்ளலாம். பங்காளியின் சரக்கை முடக்கப் போன புரோக்கர் தன் கடையையும் சேர்த்து சீல் வைத்துக்கொண்டு வந்தான்.

சிட்டிபாபுவுக்கு ஒன்றும் குடி முழுகவில்லை. கொட்டியதை வாரிக்கொண்டு, கோட்டுக்கு வெளியே இருந்த மனைகளுக்கு 'கோட்டை நகர்' என்று பெயர் வைத்து, பால்கனியில் நின்றால் அகழி தெரியும் என்று சொல்லி விற்றான்.

வாட்ச்மேன் வேலையையாவது குடும்பத்துக்குள் வைத்துக்கொள்வோம் என்று அஞ்சம்மாளின் தம்பி குப்புராஜுக்கு ஜெயவேலு சிபாரிசு செய்தான். அது அடுத்த பிசகு. பர்மனென்ட் ஆகும் என்ற ஆசையில் குப்புராஜ் அம்மனைவிடச் சட்டத்துக்கு அதிகமாகப் பயந்தான். ரோஜாப் பதியன் வைக்கக் கடப்பாரையைத் தொட்ட மாமனிடமே, "ரூல்ஸ் மாமா, ரூல்ஸ்" என்று வந்து நின்றான்.

இதெல்லாம் ஆம்பளைகள் வம்பு. அஞ்சம்மாளுக்கு வந்த வம்பு வேறு. பள்ளத்தின் கரையெல்லாம் முன்பு வேலிகாத்தான் முள் ஆளுயரம் மண்டிக் கிடந்தது. விடியலிலும் பொழுது சாய்ந்தும் அதன் மறைவில் போய்வருவாள். துறை அந்த முள்ளை வேரோடு பிடுங்கிவிட்டு, பார்க்க வருகிறவர்களுக்கு லட்சணமாக இருக்கட்டும் என்று புல் வைத்து, டியூப்லைட் போட்டது. புல்லுக்கு அந்தப் பக்கம் கோட்டை நகர் பால்கனிகள். விடியும் முன்பே அங்கே ஒருவர் பல் தேய்த்துக்கொண்டு நிற்பார், இருட்டிய பிறகும் ஒருவர் காற்று வாங்கிக்கொண்டு நிற்பார். ஜெயவேலுவுக்கு பஸ் ஸ்டாண்டு இருந்தது, டீக்கடைச் சந்து இருந்தது, உலகத்துச் சுவரெல்லாம் இருந்தது.

பால் ஊற்றப் போகும் வீட்டில், நாகலக்ஷ்மி மாமியிடம், வலி தாங்காமல் ஒரே ஒரு நாள் கேட்டுவிட்டாள். மாமி நல்ல மாதிரி. கொல்லைக் கக்கூஸைக் காட்டினாள். மறுநாளிலிருந்து பால் பாத்திரத்தோடு மாமியே கேட்டுக்கு வந்து நின்றாள். அஞ்சம்மாள் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. தண்ணீர் குடிப்பதைத்தான் விட்டாள்.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று எருமை நடு முற்றத்தில் நின்று சாவகாசமாக மூத்திரம் பெய்தது. சாணி வாரிக்கொண்டிருந்த அஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்தியாய்யா? இதுக்குக் கீற சொதந்தரம் எனுக்கு இல்ல. இத்தப் பாத்து ஒரு பால்கனிக்காரனும் முஞ்சி சுளிக்கல."

"இன்னாடி பண்ணச் சொல்ற? மனு போட்டுகினுதான கீறேன்."

"நீ மனு போட்டுத்தான் இங்க வந்து குந்திகினு கீறோம். இன்னொரு மனு போடாத சாமி. ஒரு குழி போடு."

"குழின்னா குப்புராஜி ஆபீஸுக்குப் போன் போட்ருவான்."

"அப்ப சிட்டிபாபு வூட்டுக்குப் போறேன். பளபளன்னு கட்டி வெச்சுகினு கீறான்."

"கற்பூரம் அணைச்சுக்கீது!"

"அணைச்சது நீ. அடக்கினு கீறது நானா?"

ஜெயவேலு அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பைக்கூட ருசித்துச் சாப்பிடவில்லை. தட்டில் கை அளைந்துகொண்டே இருந்தவன், கடைசியில் சிரித்தான். நல்ல பார்ட்டி மாட்டியது போல ஒரு சிரிப்பு.

ஆடியில் பொன்னியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அன்று காலையில் முதல் பந்தக்காலை மேட்டு வீட்டின் ஈசானிய மூலையில் நட்ட பிறகுதான் கோயிலில் பந்தல் ஏறும். குழியில் நவதானியமும் பாலும் விட்டு, உச்சியில் மாவிலை கட்டிய மூங்கிலை இறக்குவார்கள். அது அந்தக் குடும்பத்துப் பாத்தியதை. 'வழக்கமான வழிபாடுகளுக்குத் தடையில்லை' என்று துறையே எழுதிக் கொடுத்திருந்தது. வருஷா வருஷம் குப்புராஜ் பக்கத்தில் நின்று சாண் அளவு தோண்ட விடுவான்.

ஆடி பிறப்பதற்கு முன் தோத்தாத்ரி அகழியைப் பார்வையிட வந்தபோது, ஜெயவேலு இளநீர் சீவிக் கொடுத்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தான்.

"சார், இந்த வருசம் பெரிய பந்தக்கால். பன்னண்டு வருசத்துக்கு ஒருக்கா வரும்."

"நான் கேள்விப்பட்டதில்லையே."

"நீங்க வந்தே பன்னண்டு வருசம் ஆவலியே சார்."

தோத்தாத்ரி யோசித்தார். "எவ்வளவு ஆழம் தோண்டணும்?"

"ஆளாழம்."

"ஆளாழமா? பந்தக்கால் நடப்போறேளா, கொடிமரம் நடப்போறேளா?"

"ஆடிக் காத்து சார். மரம் சாஞ்சா ஊருக்கு ஆவாது."

"ஒரு அடி."

"ஒரு அடில செம்பருத்தி கூட நிக்காது சார். இடுப்பளவு வுடுங்க."

"ஒன்றரை. அதுக்கு மேல ஒரு இஞ்சு கிடையாது. கீழே என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது ஜெயவேலு, கடப்பாரை பட்டா திரும்ப வராது."

"அம்மன் விசயம் சார். முழங்கால்னு வெச்சுக்குவோம். உங்க வார்த்தையும் வேணாம், என் வார்த்தையும் வேணாம்."

"சரி, முழங்கால்."

"யார் முழங்கால் சார்? உங்குளுதா, எங்குளுதா?"

தோத்தாத்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னோடதுதான் எடுத்துக்கோயேன், போ."

ஆறடி ஆளின் முழங்கால். ஜெயவேலு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்து, பெண்டாட்டியிடம் கிசுகிசுத்தான். "ஆழத்தப் பேசிகினே இருந்தேன். அகலத்த அவரு கேக்கவே இல்ல."

கூழ் ஊற்றும் அன்று குப்புராஜ் கரகம் தூக்கவேண்டும் என்று ஊரைப் பேசி மடக்கியதும் ஜெயவேலுதான். அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில் குப்புராஜ் கண் கலங்கி, மஞ்சள் வேட்டியோடு காலையிலேயே ஆற்றங்கரைக்குப் போய்விட்டான். பம்பையும் உடுக்கையும் அங்கே முழங்கத் தொடங்கியதும், மேட்டு வீட்டின் மூலையில் நாலு பக்கமும் வேட்டியைக் கட்டி மறைத்து, புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே இறங்கினார்கள். கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில், குழிக்குள் இறக்க வட்ட வட்டமான சிமெண்டு உறைகள் ஒளிந்திருந்தன.

"ஈசானிய மூலைல கக்கூஸ் கட்றோமே, அம்மன் கோச்சுக்கப் போறாடி."

"அவளும் பொம்பளதான. அவுளுக்குத் தெரியும். நீ கொத்து."

ஜெயவேலு கொத்தினான். மனை காட்டிக் காட்டியே மெத்தென்று ஆகிவிட்ட கை, கொஞ்ச நேரத்தில் கொப்பளித்தது. கடப்பாரையை அஞ்சம்மாள் வாங்கிக்கொண்டாள். அவள் நாற்று நட்டவள், வரப்பு வெட்டியவள். முழங்கால் போயிற்று. இடுப்பு வந்தது. மேலே ஒரு விமானம் தாழப் பறந்து போனது. அதிலிருந்து யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று குத்தினாள். கடப்பாரை 'டங்' என்றது.

கல் இல்லை. கையால் மண்ணைத் தள்ளினாள். சிவப்பாக வளைந்த ஒரு விளிம்பு. தள்ளத் தள்ள வட்டமாக வந்தது. சுட்ட மண் உறை. அதற்குக் கீழே இன்னொன்று. உள்ளே கன்னங்கரேலென்று பொதபொதத்த மண், கையோடு வந்தது.

அஞ்சம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "யோவ், நமுக்கு முன்னாடியே எவளோ ஒர்த்தி இங்க உறை எறக்கிக் கீறாய்யா."

"பாத்தியா! சிமெண்டு உறை செலவு மிச்சம்" என்றான் ஜெயவேலு.

பேசிக்கொண்டிருந்ததில் பம்பைச் சத்தம் கிட்டே வந்ததைக் கவனிக்கவில்லை. பந்தக்காலுக்குத் தீபாராதனை காட்டக் கரகம் மேட்டு வீட்டுக்கு வரும் என்பதை, இத்தனை கணக்குப் போட்ட ஜெயவேலு மறந்துபோயிருந்தான். தலையில் கரகத்தோடு, அருள் வந்து ஆடிக்கொண்டே மண்பாதையில் ஏறிய குப்புராஜ் மறைப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தான். ஆட்டம் அப்படியே நின்றது. அம்மன் இறங்கினாள், கவர்மெண்டு ஏறியது.

"மாமா! இன்னா மாமா பண்ணி வெச்சுக்கீற! ஐயோ, என் வேல போச்சே!" கரகத்தைப் பக்கத்தில் இருந்தவன் தலைக்கு மாற்றிவிட்டு, மஞ்சள் வேட்டியோடு டெலிபோன் பூத்துக்கு ஓடினான்.

சாயங்காலம் தோத்தாத்ரி வந்தார். ஜெயவேலு எந்த நேரமும் விலங்கு மாட்டிவிடுவார்கள் என்பது போலக் கைகளை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு நின்றான். தோத்தாத்ரி குழிக்குள் இறங்கினார்.  பிறகு உள்ளேயிருந்து, "பகவானே" என்று மட்டும் கேட்டது.

"ஜெயவேலு, நீர் பண்ணினது பெரிய தப்பு. கேஸ் போடணும். ஆனா..." அவர் உறையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "இது கிணறு இல்லை. இந்த எடத்துல தண்ணி மட்டம் இன்னும் எவ்வளவோ கீழே. இது கழிவுக்கு இறக்கின உறைக்குழி. வீட்டு மதிலுக்கு உள்ளேயே! நான் இந்தப் பக்கத்துல பார்த்ததே இல்லை."

"அப்டின்னா சார்?" என்று கேட்டாள் அஞ்சம்மாள்.

"அப்படின்னா, அந்தக் காலத்துல இங்கே இருந்த பொம்மனாட்டிகளுக்கு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லைம்மா. எல்லா வசதியும் வீட்டோட. எவ்வளவு நாகரிகமா இருந்திருக்கா பாருங்கோ!"

"எனுக்கும் அதாண்டா சார் வோணும்" என்றாள் அவள். வாய் தவறி 'டா' வந்துவிட்டது. அவள் அதைத் திருத்தவில்லை. "பந்தக்காலும் இல்ல, பன்னண்டு வருசமும் இல்ல. அது எல்லாம் இவுரு வுட்ட பீலா. தண்ணி குடிச்சா போறதுக்கு எடம் இல்ல சார். டாக்டரம்மா கிட்னி போய்டும்னுது."

தோத்தாத்ரி கையிலிருந்த மண்ணைப் பார்த்தார். அகழியைப் பார்த்தார். அதன் வெட்ட வெளிக் கரையை, தான் போடச் சொன்ன டியூப்லைட்டை, பால்கனிகளைப் பார்த்தார்.

"எனக்குத் தோணவே இல்லைம்மா" என்றார். "நான் மேலே எழுதறேன். கேஸ் வேண்டாம்னும் எழுதறேன், கோட்டுக்குள்ள ஒரு டாய்லெட்டுக்கு அனுமதி கேட்டும் எழுதறேன். ஆனா அவா சொல்ற வரைக்கும் இன்னொரு கொத்து விழப்படாது."

அடுத்த வாரமே குழியின் மேல் ஒரு கொட்டகை வந்தது. நாலு பக்கமும் கீற்றுத் தட்டி, மேலே கீற்றுக் கூரை, தகரக் கதவு, பூட்டு. குழியின் வாயில் இரண்டு பலகை குறுக்கே போட்டு, நடுவே பார்வைக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து நிபுணர் வந்து பார்க்கும்வரை ஈ, எறும்பு நுழையக் கூடாது. சாவி குப்புராஜின் அரைஞாணில் தொங்கியது.

அந்தக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டுதான் அஞ்சம்மாள் தினமும், பால்கனிகள் அடங்கிய பிறகு, அகழிக் கரைக்குப் போய்வந்தாள். ஆவணி போனது, புரட்டாசி போனது. நிபுணர் வரவில்லை, அனுமதியும் வரவில்லை. ஐப்பசி மழையில் அகழி நிரம்பித் தளும்பியது. புல் கரை வழுக்கி ஒரு நாள் பால் கேனோடு விழுந்தாள். மறுபடி ஜுரம் வந்தது. டாக்டர் இந்தத் தடவை ஊசியைப் போட்டுவிட்டு, "நான் சொன்னா கேக்க மாட்டீங்க" என்று மட்டும் சொன்னார்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். குப்புராஜ் கொட்டகை வாசலில் குந்தி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். ஜுரத்தில் கண் சிவந்த அஞ்சம்மாள், கையில் தண்ணீர்ச் சொம்போடு வந்து அவன் எதிரே நின்றாள்.

"சாவியக் குடுரா."

"அக்கா, வேணாக்கா. சீல் வெச்ச எடம்."

"நல்லாப் பாரு. நாலு பக்கம் தட்டி கீது. மேல கூரை கீது. கதவு கீது. கீழ உறை கீது, காலு வெக்கப் பலகையும் போட்டுக்கீறானுங்கோ. இத்த வுட இன்னாடா வோணும்?"

"பர்மனென்ட் ஆவற நேரங்கா. ரூல்ஸ்..."

"டேய், உன்ன இடுப்புல தூக்கிகினு வளத்தவ நான். உனுக்குக் கழுவி வுட்ட கை இது. இன்னிக்கு எனுக்கு ரூல்ஸ் சொல்றியா?"

குப்புராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். காலை மாற்றி மாற்றி அவள் நிற்பதைப் பார்த்தான். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு அரைஞாணை அவிழ்த்தான்.

கதவு சாத்திக்கொண்டது. அவன் வேண்டுமென்றே உரக்க இருமினான், பம்பைக்காரன் பாட்டை முணுமுணுத்தான். அப்போதுதான் மண்பாதையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மழையில் கூரை தாங்குகிறதா என்று பார்க்கத் தோத்தாத்ரி வந்திருந்தார்.

"என்ன குப்புராஜ், பூட்டைக் காணோமே? யார் உள்ளே?"

குப்புராஜ் எழுந்தான். கடலைத்தோல் மடியிலிருந்து கொட்டியது.  ஸ்கூட்டர் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்த ஜெயவேலு, "சார், சார், ஒரு இளநி சீவட்டா?" என்றான். 

தோத்தாத்ரி தகரக் கதவைப் பார்த்தார். உள்ளே சொம்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அகழிப் பக்கம் பார்த்து நின்றார்.

அஞ்சம்மாள் வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். ஆனால் தலையைக் குனியவில்லை. புடவையை உதறிச் சரிசெய்தாள்.

"இதை நான் எழுதித்தான் ஆகணும்மா" என்றார் தோத்தாத்ரி, அவள் பக்கம் திரும்பாமலே. "என் உத்தியோகம் அது."

"எழுதுங்க சார். ஒயுங்கா எழுதுங்க. எழுதினா எங்க போவும்?"

"முதல்ல ரீஜனல் ஆபீஸ். அப்புறம் டைரக்டர். அப்புறம் கமிட்டி."

"அவுங்க வந்து பூட்ட மாத்தறதுக்கு எவ்ளோ நாளாவும்?"

அவர் யோசித்தார். தான் இருபது வருஷமாக வேலை பார்க்கும் ஆபீஸை யோசித்தார். "இந்த வருஷம் ஆகாது" என்றார்.

"அப்ப நீங்க மேல எழுதிக் கேட்ட பர்மிசனு?"

அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, மண்பாதையில் சேறு தெறிக்காமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

அஞ்சம்மாள் சாவியைத் தம்பியிடம் கொடுக்கவில்லை. தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். வாசலில் இருந்த பானையைத் திறந்து ஒரு சொம்பு மொண்டு, நின்றபடியே அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

அப்புறம் இன்னொரு சொம்பு மொண்டாள்.